விழாவுக்குக் கூட்டம், கல்லாவுக்குப் பட்டினி

கேள்வி: வேலூர் தோட்டப்பாளையத்தில் சிறிய புத்தகக் கடை நடத்துகிறோம். மாதம் ஒரு வெளியீட்டு விழா வைக்கிறோம். அறுபது பேர் வந்தாலும் ஐந்து புத்தகம்கூட விற்பதில்லை. நம் ஊரில் படிக்கிறவர்களே இல்லையா? விழாவை நிறுத்திவிடலாமா?

பதில்: ஊர்மேல் பழி போடாதீர்கள். எட்டுப் பேர் வாழ்த்திப் பேசி, ஆளுக்கொரு சால்வை போர்த்தி முடிப்பதற்குள் மணி எட்டரை. குடியாத்தத்துக்கோ ஆற்காட்டுக்கோ பஸ் பிடிக்க வேண்டியவர் ஏழரைக்கே எழுந்து போயிருப்பார். விற்பனை மேசை மேடைக்குப் பக்கத்தில் இருந்தால், அத்தனை பேர் பார்க்க நடந்துபோய் அவர் வாங்கமாட்டார். மேசையை வாசலில் போடுங்கள். எழுத்தாளர் அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போடட்டும்.

கணக்கையும் பாருங்கள். 250 ரூபாய்ப் புத்தகம் 35 சதவீதக் கழிவில் வந்தால் உங்களுக்கு 87.50. வாசகருக்குப் 10 சதவீதம் தள்ளினால் மிச்சம் 62.50. பதினைந்து விற்றாலும் 937.50தான், அதில் லாரி பார்சல், டீ, நாற்காலி வாடகை எல்லாம் போக வேண்டும். சால்வைக்கும் ஃபிளெக்ஸுக்கும் இதில் இடமே கிடையாது. எழுத்தாளர் தன் நண்பர்களுக்கெல்லாம் இலவசப் பிரதி கொடுத்துவிட்டால் அந்தப் பதினைந்தும் போயிற்று. இதை முன்கூட்டியே அவரிடம் பேசிவிடுங்கள்.

வெளியீட்டு விழாவை நிறுத்துங்கள், வாசிப்புக் கூட்டம் வையுங்கள். இரண்டாம் சனிக்கிழமை என்றால் எல்லா மாதமும் இரண்டாம் சனிக்கிழமைதான். மாலை 5.30க்குத் தொடங்கி 7 மணிக்கு முடியுங்கள். மே மாதத்தில் அரை மணி தள்ளிப் போடலாம், அந்த வெயிலில் யாரும் வெளியே வரமாட்டார்கள். இருபது நாற்காலி போதும். புத்தகத்தை ஒரு மாதம் முன்பே அறிவித்து விற்றுவிடுங்கள். படித்துவிட்டு வருகிறவர்தான் அடுத்த மாதப் புத்தகத்தையும் கேட்டு வாங்குவார். ஜூலைக் கூட்டத்துக்கு 1806 ஜூலை 10 வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி பற்றிய நூல் ஒன்றை எடுங்கள். அது நடந்த கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது, நடந்தே போய்ப் பார்க்கலாம்.

பதிப்பகத்திடம் இருபது பிரதி வாங்கும்போது, விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, எத்தனை நாளுக்குள் என்று எழுத்தில் வாங்குங்கள். அட்டையில் விலை ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். பிய்த்த தழும்பும் டீக் கறையும் இருந்தால் திரும்ப எடுக்கமாட்டார்கள். புரட்டிப் பார்க்க ஒரு பிரதியை மட்டும் வெளியே வைத்து மற்றதைக் கட்டுப் பிரிக்காமல் விடுங்கள்.

இன்னொன்று. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள் உங்கள் கடையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். நோயாளியின் துணைக்கு வந்தவருக்குப் பொழுது நகராது. வங்காள மொழியிலும் இந்தியிலும் கதைப் புத்தகம், குழந்தைகளுக்குப் படப் புத்தகம் என்று ஒரு தட்டு வாசலோரம் வையுங்கள். முதலில் முப்பது புத்தகம் போதும். எது போகிறது என்று மூன்று மாதம் குறித்துவைத்துப் பிறகு கூட்டுங்கள்.