தீம் பார்க் கிளப்பில் "ஆள் பற்றாக்குறை": கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: மேடம், நான் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், தாம்பரத்தில் இருக்கிறேன். மூன்று வருடத்திற்கு முன் சென்னைக்கு வெளியே ஒரு தீம் பார்க்குக்குள் இருக்கும் தனியார் கிளப்பில் பத்து வருட மெம்பர்ஷிப் எடுத்தேன். சேர 4,50,000 ரூபாய், அது போக வருடம் 18,000 பராமரிப்புக் கட்டணம். மேஜைக்குத் தனி ஸ்டூவர்ட் (பரிமாறும் ஊழியர்), ஆர்டர் கொடுத்து 20 நிமிடத்தில் சாப்பாடு, உறுப்பினர்களுக்கு மட்டும் லவுஞ்ச், லைஃப்கார்டு உள்ள தனி நீச்சல் குளம் என்று ப்ரோஷரில் போட்டிருந்தார்கள். முதல் ஒன்றரை வருடம் குறையே இல்லை. அதன் பிறகு ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். இப்போது பதினைந்து மேஜைக்கு இரண்டு பையன்கள். சாப்பாடு வர ஒரு மணி நேரம். சனி, ஞாயிறில் லவுஞ்சைக் கம்பெனி விருந்துகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வேறு. போன மாதம் ஆறு வயதுப் பேத்தி குளத்தில் வழுக்கி விழுந்தாள், லைஃப்கார்டு இல்லை, பக்கத்தில் இருந்த ஒருவர்தான் தூக்கினார். மேனேஜரிடம் கேட்டால் ஆள் பற்றாக்குறை, சாப்பாடு அவுட்சோர்ஸ், கட்டணம் திரும்பக் கிடையாது, வழக்கு என்றால் பெங்களூரில் ஆர்பிட்ரேஷன், அதாவது நீதிமன்றம் இல்லாமல் நடுவர் முன்தான் தீர்ப்பு, என்கிறார். அன்றைக்கு நானும் கோபத்தில் ஒரு சர்வரைச் சத்தம் போட்டுவிட்டேன். அந்தப் பையனை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி எழுதலாமா? பணம் திரும்ப வருமா?

பதில்: ஐயா, நீங்கள் கடைசியில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போன விஷயத்தில் இருந்துதான் நான் தொடங்க வேண்டும். பேத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் நிம்மதி. ஆனால் சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதும், குழந்தைகள் இறங்கும் குளத்தில் லைஃப்கார்டு இல்லாததும் ஒரே தட்டில் வைக்கிற குறைகள் அல்ல. முதலாவதற்கு நஷ்ட ஈடு கேட்கலாம், அந்தப் பணம் வர ஆறு மாதம் காத்திருக்கலாம். இரண்டாவதை இன்றைக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும். அது நடந்த தேதி, நேரம், குளத்தின் எந்தப் பக்கம், யார் தூக்கினார், அப்போது பணியில் யாராவது இருந்தார்களா என்று நினைவில் இருப்பதை எல்லாம் எழுதி கிளப்புக்கு மெயில் அனுப்புங்கள், அந்தக் குளத்துக்கு அனுமதி கொடுத்த உள்ளாட்சி அமைப்புக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அன்றைய சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதே மெயிலில் கேளுங்கள், ஏனென்றால் பல இடங்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும்.

"உங்கள் சொந்தப் பொறுப்பில் பயன்படுத்தவும்" என்று குளத்துக்கு மேலே ஒரு பலகை இருக்கும், கிளப் அதைக் காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டெல்லியில் ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டலில் விருந்தினர் கொடுத்த கார் 1998-ல் திருடு போன வழக்கில், பார்க்கிங் சீட்டில் "உரிமையாளர் பொறுப்பு" என்று அச்சடித்திருந்ததைக் காட்டி ஹோட்டல் தப்பிக்கப் பார்த்தது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஊழியர்களின் கவனக்குறைவு முதல் பார்வையிலேயே தெரியும்போது அச்சடித்த ஒரு வரியை வைத்துப் பொறுப்பைக் கழற்றிவிட முடியாது என்றது. காருக்கே அப்படி என்றால், குழந்தை விஷயத்தில் அந்தப் பலகை அவர்களைக் காப்பாற்றிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். கிளப்காரர்கள் முதலில் எடுக்கும் வாதம், "நீங்கள் உறுப்பினர், வாடிக்கையாளர் இல்லை" என்பதாக இருக்கும். இதில் ஒரு பழைய வேறுபாடு இருக்கிறது. உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் கிளப் ஒரு வகை, அங்கே கிளப்பும் உறுப்பினரும் வேறு வேறு ஆள் இல்லை என்பது நம் சென்னையின் யங் மென்ஸ் இந்தியன் அசோசியேஷன் சம்பந்தப்பட்ட விற்பனை வரி வழக்கில் 1970-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது, 2019-ல் கல்கத்தா கிளப் வழக்கில் மறுபடி உறுதியானது. உங்களுடையது அந்த வகை இல்லை. உங்களுக்கு அங்கே ஓட்டு கிடையாது, பொதுக்குழு கிடையாது, லாபம் பார்க் கம்பெனிக்குப் போகிறது. மெம்பர்ஷிப் என்று பெயர் வைத்துச் சேவை விற்றிருக்கிறார்கள், நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 "சேவை" என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே பொழுதுபோக்கு, கேளிக்கை இரண்டும் வருகின்றன.

அடுத்தது, எது குறைபாடு? சாப்பாடு லேட்டானது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் போதாது. அந்தச் சட்டத்தின் 2(11) பிரிவு, ஒப்பந்தப்படியோ வேறு விதத்திலோ செய்வதாக ஏற்றுக்கொண்டதில் தரமோ தன்மையோ முறையோ குறைந்தால் அது சேவைக் குறைபாடு என்கிறது. ஆக, ஏற்றுக்கொண்டது என்ன என்பதுதான் உங்கள் வழக்கு. "உலகத்தரமான விருந்தோம்பல்" என்று ப்ரோஷரில் இருக்கும் வரியை விட்டுவிடுங்கள், அதை வைத்து எந்த நுகர்வோர் ஆணையத்திலும் எதையும் அளக்க முடியாது. ஆனால் மேஜைக்குத் தனி ஸ்டூவர்ட், 20 நிமிடம், உறுப்பினருக்கு மட்டும் லவுஞ்ச், லைஃப்கார்டு, இந்த நாலும் அளக்கக்கூடியவை. இந்த நாலின் மேல்தான் முழு வழக்கையும் கட்ட வேண்டும். லவுஞ்ச் விஷயத்தை நீங்கள் லேசாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது ஆள் பற்றாக்குறையால் வந்ததே இல்லை. உங்களுக்கு மட்டும் என்று விற்ற இடத்தை இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டு இரண்டாவது தடவை காசு பார்த்திருக்கிறார்கள். அந்த விருந்துகளின் போட்டோ, வாசலில் வைத்த பெயர்ப்பலகை, "இன்று லவுஞ்ச் இல்லை" என்று வந்த வாட்ஸ்அப், எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

ஆள் பற்றாக்குறை என்ற பதில் சட்டத்தில் நிற்காது. ஆள் வைப்பதற்கும் சேர்த்துத்தான் உங்களிடம் வருடம் 18,000 வாங்குகிறார்கள். அவுட்சோர்ஸ் என்பதும் அப்படித்தான். நீங்கள் கேட்டரிங் கான்ட்ராக்டரிடம் பணம் கட்டவில்லை, அவரோடு கையெழுத்தும் போடவில்லை. கிளப் அவரிடம் போய் வாங்கிக்கொள்ளட்டும்.

அந்தப் பையன் விஷயம். வேண்டாம் ஐயா, எழுதாதீர்கள். பதினைந்து மேஜைக்கு இரண்டு பேர் என்று நீங்களே கணக்கு சொல்லியிருக்கிறீர்கள், ஆளுக்கு ஏழு எட்டு மேஜை, அதில் எந்த மேஜைக்கு அவன் நேரத்தோடு வர முடியும்? கடையிலும் நிறுவனங்களிலும் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் மாநிலத்தில் 2021-ல் சட்டமே திருத்த வேண்டியிருந்தது, நிலைமை அப்படி. நாலு பேர் செய்த வேலையை அவன் ஒருவனாகச் செய்கிறான் என்றால் அவன்தான் உங்கள் வழக்குக்கு மிகச் சிறந்த சாட்சி. முன்பு எத்தனை பேர் இருந்தார்கள், எப்போது குறைத்தார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவனைச் சாட்சிக்கு இழுத்து வேலைக்கு உலை வைக்கச் சொல்லவில்லை, எதிரியாக ஆக்காதீர்கள் என்கிறேன். முடிந்தால் அடுத்த தடவை அவனிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லுங்கள்.

நீங்கள் சத்தம் போட்டதில் எனக்குச் சட்டரீதியான கவலையும் உண்டு. இந்த வகைக் கிளப்புகளில் உலகப் பிரசித்தம் கலிபோர்னியா டிஸ்னிலேண்டுக்குள் 1967-ல் திறந்த கிளப் 33. அதன் உறுப்பினர்களான ஒரு தம்பதி வருடத்துக்கு 31,500 டாலர் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று வழக்குச் செய்திகளில் வந்தது. கணவர் பார்க்குக்குள் குடித்திருந்தார் என்று சொல்லி 2017-ல் கிளப் அவர்களை நீக்கியது. அது போதை இல்லை, ஒரு வகை மைக்ரேன் பாதிப்பு என்று தம்பதி வழக்கு போட்டார்கள். 2023-ல் ஜூரி கிளப் பக்கம்தான் தீர்ப்பு சொன்னது. அவ்வளவு பணம் கட்டியவர்களும் நடத்தை விதி ஒன்றில் வெளியே போனார்கள். அமெரிக்கச் சட்டம் வேறு, ஆனால் உங்கள் ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு நடத்தை விதி இருக்கும், எடுத்துப் பாருங்கள். நீங்கள் நோட்டீஸ் அனுப்பிய மறுநாள் அவர்கள் தேடப்போவது அதைத்தான். இனி அங்கே குரல் உயர வேண்டாம், சொல்ல வேண்டியதை எல்லாம் மெயிலில் சொல்லுங்கள்.

பெங்களூர் ஆர்பிட்ரேஷன் மிரட்டலுக்கு நீங்கள் பெங்களூர் போக வேண்டியதே இல்லை. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் என்று இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பதை எமார் எம்ஜிஎஃப் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்துவிட்டது. 2019 சட்டத்தின்படி புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம். தாம்பரம் என்பதால் உங்களுக்குச் செங்கல்பட்டு மாவட்ட ஆணையம். நீங்கள் கட்டிய தொகை, அதாவது 4,50,000-உம் மூன்று வருடப் பராமரிப்பு 54,000-உம் சேர்த்து 5,04,000. கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகார் தாக்கல் கட்டணமே கிடையாது, அதைத் தாண்டிப் பத்து லட்சம் வரை 200 ரூபாய். ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.

எவ்வளவு கேட்பது? முழு ஐந்து லட்சத்தையும் கேட்டால் முதல் ஒன்றரை வருடம் நன்றாக அனுபவித்ததை அவர்கள் காட்டுவார்கள், ஆணையமும் அதைக் கவனிக்கும். பத்து வருடத்துக்கு 4,50,000 என்றால் வருடத்துக்கு 45,000. மீதி இருக்கும் ஏழு வருடத்துக்கு 3,15,000 ரூபாயை வட்டியோடு கேளுங்கள், அதில் உறுதியாக நில்லுங்கள். குறைபாடு இருந்த ஒன்றரை வருடத்துக்கான 67,500-இலும் அந்தக் காலத்துப் பராமரிப்புக் கட்டணத்திலும் பாதியாவது கேளுங்கள். குளத்தில் நடந்ததற்கும் மன உளைச்சலுக்கும் தனியாக ஒரு தொகை, வழக்குச் செலவு. "திரும்பக் கிடையாது" என்ற விதியே செல்லாது என்று அறிவிக்கக் கேட்பது வேறு வழி, நியாயமற்ற ஒப்பந்தம் என்ற அந்தப் புகார் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். உங்கள் வயதில், இந்தத் தொகைக்கு, அந்தச் சுற்று வேண்டாம் என்பது என் எண்ணம். அந்த விதி, அவர்கள் வாக்கைக் காப்பாற்றும்போது நீங்களாக விலகினால்தான் பொருந்தும் என்று மாவட்ட ஆணையத்திலேயே வாதாடலாம்.

சர்வீஸ் சார்ஜ் தானாகப் பில்லில் ஏறக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் கொடுத்தது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-ல் அதை உறுதி செய்தது. உணவகச் சங்கங்கள் மேல்முறையீடு போயிருக்கின்றன. கிளப்காரர்கள் தாங்கள் உணவகமே இல்லை என்றும் சொல்லக்கூடும். இருந்தாலும் அடுத்த பில்லில் எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

காலக்கெடு முக்கியம். குறைபாடு எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் புகார் போட வேண்டும் என்கிறது 2019 சட்டத்தின் 69-ஆம் பிரிவு. உங்களுக்கு ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. இது தொடர்ந்து நடக்கிற குறைபாடு என்று வாதாட இடம் இருக்கிறது, ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். இதே நிலையில் இருக்கும் மற்ற உறுப்பினர்களிடம் பேசுங்கள், ஆணையத்தின் அனுமதியோடு 35(1)(சி) பிரிவில் சேர்ந்தே போடலாம். ஆள் சேரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். புகார் போட்டபின் ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த கிளப் 30 நாளில், அதிகம் போனால் இன்னும் 15 நாளில் பதில் தாக்கல் செய்தாக வேண்டும், அதற்கு மேல் ஆணையமே நினைத்தாலும் நீட்டிக்க முடியாது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதைவிட இழுக்கும், மனதை அதற்குத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பில்களை எடுத்து வரிசையாக அடுக்குங்கள். பல பில்களில் ஆர்டர் எடுத்த நேரமும் பில் போட்ட நேரமும் இருக்கும், "ஒரு மணி நேரம்" என்பதை நீங்கள் சொல்வதைவிட அவர்கள் பில்லே சொல்வது பலம். இந்த வாரமே ஒரு பக்க நோட்டீஸ் எழுதி, நாலு வாக்குறுதிகளையும் ப்ரோஷர் பக்க எண்ணோடு குறிப்பிட்டு, 15 நாள் அவகாசம் கொடுத்து, ஸ்பீடு போஸ்டிலும் மெயிலிலும் அனுப்புங்கள். ரசீதை ப்ரோஷரோடு சேர்த்து வையுங்கள். லைஃப்கார்டு ஒருவர் குளத்தின் ஓரத்தில் நிற்பதை உங்கள் கண்ணால் பார்க்கும்வரை பேத்தியைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.