நெஞ்சுக்குள்ளே மேளம், ஈசிஜியில் ஒன்றுமில்லை

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் ஸ்டாஃப் நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் மனநலப் பிரிவில்.)

கேள்வி: எனக்கு வயது 33. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. அவிநாசியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். ஆறு மாதத்துக்கு முன் ஒரு நாள் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போயின. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். "ஒன்றுமில்லை, டென்ஷனைக் குறையுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு நாலைந்து முறை வந்துவிட்டது. இப்போது கணவர்தான் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். மெடிக்கல் ஷாப்பில் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்கள். பாதி போட்டால் அடங்குகிறது. ஒரு கவுன்சலரிடமும் போனேன். ஒரு மணி நேரத்துக்கு 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, "மாமியாரிடம் அனுசரித்துப் போங்கள்" என்றார். நான் மாமியாரைப் பற்றிப் பேசவே இல்லை. மாமியார் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டியிருக்கிறார். மனநல டாக்டரிடம் போனால் ஆயுசுக்கும் மாத்திரையா? தங்கைக்கு வரன் பார்க்கிறோம். வெளியே தெரிந்துவிடுமோ என்று வேறு பயம்.
– பெயர் வேண்டாம், அவிநாசி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு கேஷுவாலிட்டி ராத்திரி டியூட்டிதான் ஞாபகம் வந்தது. வாரத்துக்கு ஒருவராவது இப்படி வருவார்கள். விரல்கள் கூம்பி, உதடு வெளுத்து, "என்னைக் காப்பாத்துங்க" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஈசிஜி நார்மல் என்று வந்ததும் எங்களில் யாராவது ஒருவர் "நடிக்குது" என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். மனநலப் பிரிவுக்கு மாற்றல் ஆன பிறகுதான், எவ்வளவு தப்பாகப் பேசியிருக்கிறோம் என்பது உறைத்தது.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று தாக்கும் கடும் பதற்றம், மாதிரி இருக்கிறது. உறுதியாகச் சொல்ல வேண்டியவர் டாக்டர். பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். விரல் மரத்துப்போவது அதனால்தான். அந்தக் காலத்தில் பேப்பர் கவரை மூக்கில் வைத்து மூச்சுவிடச் சொல்வோம். இப்போது அதை யாரும் சொல்வதில்லை, நீங்களும் செய்ய வேண்டாம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாகவே இறங்கிவிடும். உங்களுக்கு வந்ததும் அப்படி இறங்கித்தான் இருக்கும். ஆனால் மாத்திரை அடக்கியது, பஸ்ஸை விட்டு இறங்கியது அடக்கியது என்று மனது கணக்கு எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கைத் திருத்துவதுதான் சிகிச்சை.

யாரிடம் போவது? மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். படித்தவர். மாத்திரை எழுத இவர் வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுதமாட்டார். பேசியும் பயிற்சி கொடுத்தும் குணப்படுத்துவார். பெரும்பாலும் எம்.ஃபில். படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்திருப்பார். அந்த ஆர்.சி.ஐ. எண்ணைக் கேட்டால் படித்தவர் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள். கவுன்சலர் என்கிற போர்டைப் பொறுத்தவரை, எம்.எஸ்.டபிள்யூ., எம்.எஸ்சி. சைக்காலஜி படித்த அருமையான பிள்ளைகளும் மாட்டுகிறார்கள், மூன்று மாத சர்டிஃபிகேட் வைத்திருப்பவர்களும் மாட்டுகிறார்கள். உங்களிடம் 1,200 வாங்கியவர் எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொல்லாத மாமியாரைப் பற்றிப் புத்தி சொன்னவரிடம் மறுபடி போக வேண்டாம். ஜாக்கெட்டைக் கெடுத்த டெய்லரிடம் அடுத்த துணியைக் கொடுக்கமாட்டோம், அதற்காக ஜாக்கெட் தைப்பதையே விட்டுவிடுவதும் இல்லையே!

அடுத்தவரிடம் நாள் குறிப்பதற்கு முன் போனிலேயே கேளுங்கள்: "பதற்றத்துக்கு என்ன முறையில் சிகிச்சை கொடுப்பீர்கள்? சுமாராக எத்தனை முறை வர வேண்டியிருக்கும்?" சிபிடி, அதாவது பயத்தை வளர்க்கும் எண்ணத்தையும் பழக்கத்தையும் பயிற்சியால் மாற்றும் முறை, என்று பதில் வந்தால் நல்லது. வாரம் ஒரு முறை வீதம் பத்துப் பன்னிரண்டு முறை என்று ஒரு கணக்கும் வர வேண்டும். "வாங்க, பேசிப் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னால் நான் போகமாட்டேன்.

சிபிடியில் என்ன செய்வார்கள் என்பதற்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். மார்க்கெட்டில் கணக்கு எழுதும் ஒருவர். நெஞ்சு வேகமாக அடித்தால் செத்துவிடுவோம் என்று பயந்து, படியேறுவதையே நிறுத்திவிட்டவர். எங்கள் சைக்காலஜிஸ்ட் பெண் அவரை, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, ஆஸ்பத்திரி சாய்தளத்தில் இரண்டு மாடி வேகமாக ஏறவைத்தார். அந்தப் பெண்ணும் கூடவே ஏறினார். மேலே போய் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்ததும், அந்த மனிதர் தன் கை நாடியில் தானே விரலை வைத்து எண்ணினார். 132. மூன்று நிமிடம் கழித்து 104. அந்த மனிதர் வாட்சையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். "தானா குறையுதேம்மா!" மாத்திரை இல்லை, தண்ணீர்கூட இல்லை. அடுத்த வாரம் அவரே முதலில் ஏறினார்.

உங்களுக்கு பஸ்தான் சாய்தளம். முதல் வாரம் அவிநாசியில் ஏறி திருமுருகன்பூண்டியில் இறங்கச் சொல்வார்கள், பிறகு அனுப்பர்பாளையம், பிறகு திருப்பூர் வரை. கணவர் பைக்கில் கொண்டுபோய் விடுவது அன்பால்தான். ஆனால் பயத்துக்கு அதுதான் தீனி. சிகிச்சைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரும் கேட்கட்டும்.

மெடிக்கல் ஷாப் மாத்திரைக்கு வருகிறேன். பெயர் எழுதவில்லை. அல்பிரசோலாம், குளோனாசிபாம் வகையாக இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரை. உடனே அடங்கும், அதுதான் வம்பே. பழகிப்போகும், பாதி ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். வாரக்கணக்கில் தினமும் போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். அட்டையை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார்.

டாக்டர் எழுதக்கூடியது பெரும்பாலும் எஸ்சிடலோபிராம் அல்லது செர்ட்ராலின் வகை. இது அப்படிப் பழக்கமாகிவிடுகிற மாத்திரை அல்ல. ஆனால் ஒரு எரிச்சல்: முதல் வாரம் வயிற்றைப் புரட்டும், படபடப்பு கொஞ்சம் கூடினாலும் கூடும். பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம், சிலருக்கு இன்னும் அதிகம் ஆகும். எங்கள் ஓ.பி.யில் பாதிப் பேர் அந்த முதல் வாரத்தில்தான் "ஒத்துக்கல சிஸ்டர்" என்று நிறுத்திவிடுவார்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டருக்குப் போன் பண்ணுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். சரியான பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடரச் சொல்லி, அப்புறம் மெல்லக் குறைத்து நிறுத்துவார்கள். ஆயுசுக்கும் என்பது பெரும்பாலோருக்கு இல்லை. பதற்றத்துக்கு சிபிடி மட்டுமே போதும் என்றும் டாக்டர் சொல்லலாம்.

காசு பெரிய கவலையென்றால் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். ஓ.பி. சீட்டும் மாத்திரையும் இலவசம். வரிசை நீளம், டாக்டர் பேசும் நேரம் குறைவு. அதை மறைக்கமாட்டேன், அந்த வரிசையை ஒழுங்குபடுத்தியே என் தொண்டை கட்டியிருக்கிறது. அதனால் எப்போது வந்தது, எங்கே, எவ்வளவு நேரம், என்ன மாத்திரை போட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416. 2022 அக்டோபரிலிருந்து நடக்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசில்லை. உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றினால் நாள் நேரம் பார்க்காமல் அந்த எண்ணுக்கோ, பக்கத்து கேஷுவாலிட்டிக்கோ போய்விட வேண்டும்.

வெளியே தெரியுமா? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டியது டாக்டரின் கடமை. தங்கையைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் டாக்டர் போய்ச் சொல்லமாட்டார். சொன்னால் சொந்தக்காரர்கள்தான் சொல்வார்கள், அதற்குச் சட்டம் இல்லை. கயிறு கையிலேயே இருக்கட்டும், மாத்திரையோடு அது சண்டை போடாது.

கேள்வி: வீடியோ காலில் சிகிச்சை எடுத்தால் பலன் இருக்குமா? எங்கள் ஊரில் சைக்காலஜிஸ்ட் இல்லை.
– வாசகி, பரமக்குடி

பதில்: பதற்றத்துக்கு வீடியோ காலில் செய்யும் சிபிடியும் நன்றாகவே வேலை செய்கிறது. சிக்கல் வேறு இடத்தில். ஹாலில் டிவி, அடுப்படியில் அத்தை, இதில் எங்கே உட்கார்ந்து மனதைத் திறப்பீர்கள்? மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற நேரத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டிய காருக்குள் உட்கார்ந்து பேசி முடித்த ஒரு டீச்சரை எனக்குத் தெரியும்.

கேள்வி: படபடப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். காபி குடிக்கலாமா? ஒரு நாளைக்கு ஆறு முறை குடிப்பேன்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஆறா! காபியே நெஞ்சைப் படபடக்க வைக்கும். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி பிளக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். நான் இரண்டோடு நிற்கிறேன், இரண்டாவதும் நாலு மணிக்குள்.