முட்டை ஒவ்வாமைக்கு கலிஃபோர்னியா பள்ளியில் தடுப்பூசி விலக்கு கிடைக்குமா?

கேள்வி: என் கணவருக்கு கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா பகுதியில் வேலை கிடைத்திருக்கிறது. 5 வயது 2 மாதமான மகனை ஆகஸ்டில் அங்கே கிண்டர்கார்டனில் சேர்க்க வேண்டும். கோவை அருகே ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாத் தடுப்பூசிகளையும் முறையாகப் போட்டிருக்கிறோம். ஆனாலும் பள்ளி அனுப்பிய பட்டியலில் இன்னும் பல ஊசிகள் இருக்கின்றன. அவனுக்கு முட்டை சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிப்பு வரும். 2 வயதில் காய்ச்சலோடு ஒருமுறை வலிப்பும் வந்தது. டெக்சாஸில் இருக்கும் நாத்தனார், ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் விலக்கு கிடைத்துவிடும் என்கிறார். எங்கள் மருத்துவரிடம் கடிதம் வாங்கிச் சென்றால் போதுமா?

பதில்: உங்கள் நாத்தனார் சொல்வது டெக்சாஸைப் பொறுத்தவரை சரிதான். அமெரிக்காவில் பள்ளித் தடுப்பூசிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் மனசாட்சியைக் காரணம் காட்டி உறுதிமொழிப் படிவம் கொடுக்கலாம். கலிஃபோர்னியாவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2014 டிசம்பரில் அங்குள்ள டிஸ்னிலேண்ட் பொழுதுபோக்குப் பூங்காவில் தொடங்கிப் பரவிய தட்டம்மைக்குப் பிறகு, 2015-இல் புதிய சட்டம் இயற்றி, 2016 முதல் மதம், சொந்த நம்பிக்கை ஆகிய காரணங்களுக்கான விலக்கை நீக்கிவிட்டார்கள். வீட்டிலேயே கல்வி கற்கும் குழந்தைகளுக்கும், வகுப்பறைக்கே வராமல் தனிப்பயிற்சித் திட்டத்தில் படிப்பவர்களுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் மகனுக்கு அது பொருந்தாது.

மீதமிருப்பது மருத்துவ விலக்கு மட்டுமே. 2021 ஜனவரி 1 முதல் அதை மாநில அரசின் இணையப் பதிவேட்டின் வழியாக, கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்ற மருத்துவர்தான் பதிய முடியும் என்பதால், கோவையிலிருந்து நீங்கள் கொண்டு செல்லும் கடிதத்துக்கு விலக்கு என்ற அளவில் மதிப்பில்லை. ஒரே ஆண்டில் 5 அல்லது அதற்கு மேல் விலக்கு எழுதிய மருத்துவரின் பதிவுகளையும், தடுப்பூசி போட்டவர்களின் விகிதம் 95 சதவீதத்துக்குக் கீழே உள்ள பள்ளிகளின் விலக்குகளையும் சுகாதாரத் துறை மறுபரிசீலனை செய்கிறது. தட்டம்மைக் கிருமி, நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை காற்றில் தங்கக்கூடியது. அதனால்தான் இவ்வளவு உயர்ந்த விகிதம் தேவைப்படுகிறது. 2025-இல் மேற்கு டெக்சாஸில் 762 பேருக்கு அது பரவியபோது இறந்த இரு குழந்தைகளும் தடுப்பூசி போடாதவர்கள்.

இனி உங்கள் மகனின் உடல்நிலைக்கு வருகிறேன். எம்.எம்.ஆர். எனப்படும் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசியில் முதல் இரண்டின் கிருமிகளைக் கோழிக்கருவின் செல்களில் வளர்க்கிறார்கள் என்பதால் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மருந்தில் முட்டைப் புரதம் பொருட்படுத்தும் அளவில் இல்லை. முட்டை ஒவ்வாமை இந்த ஊசியைத் தடுக்கும் காரணமாகாது. முந்தைய தவணையிலோ, மருந்தில் உள்ள ஜெலட்டின், நியோமைசின் போன்றவற்றாலோ உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஏற்பட்டவர்களும், நோய் எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குன்றியவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளும் வேறு. விலக்கு அவர்களுக்காகவே வைக்கப்பட்டது. காய்ச்சல் வலிப்பும் தடையல்ல, ஆனால் எம்.எம்.ஆரையும் சின்னம்மை ஊசியையும் ஒன்றாகச் சேர்த்த கலவை மருந்து வேண்டாம், தனித்தனி ஊசிகளாகப் போடுங்கள் என்று மருத்துவரிடம் வலிப்பைப் பற்றிச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். எம்.எம்.ஆர். போட்ட 6 முதல் 12 நாட்களுக்குள் காய்ச்சல் வரலாம் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

எல்லா ஊசிகளும் போட்டாயிற்று என்று நீங்கள் எழுதியதில் தவறில்லை. நம் அரசு அட்டவணைக்கும் அவர்களின் அட்டவணைக்கும் உள்ள வேறுபாடுதான் உங்களைத் திகைக்க வைத்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 9 மாதத்திலும் ஒன்றரை வயதையொட்டியும் போடுவது தட்டம்மை, ரூபெல்லா மட்டும் அடங்கிய ஊசி. முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டதை கலிஃபோர்னியா கணக்கில் சேர்ப்பதில்லை. பொன்னுக்கு வீங்கிக்கான மருந்தோ இரண்டிலும் இல்லை. ஆகவே 4 வார இடைவெளியில் இரண்டு எம்.எம்.ஆர். தேவைப்படும், தட்டம்மைக்குக் கூடுதலாக ஒரு தவணை போவதால் தீங்கில்லை. அரசு அட்டவணையில் இல்லாத சின்னம்மை ஊசியும் இரண்டு தவணை வேண்டும், 3 மாத இடைவெளியில். போலியோவில்தான் பெற்றோர் அதிகம் குழம்புகிறார்கள்: 2016 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்த சொட்டு மருந்து அங்கே கணக்கில் வராது. முழு அளவு போலியோ ஊசியை அவன் புதிதாகத் தொடங்கினால், 4 வயதுக்குப் பிறகு ஒன்றாவது போட்டிருக்கும் நிலையில், மூன்று தவணை போதும். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னிக்கான ஐந்தாவது தவணையை நம் ஊரிலும் 5 வயதில் போடுவார்கள், அதை விட்டுவிடாதீர்கள். ஹெபடைடிஸ் பி தவணைகள் எண்ணிக்கையில் சரியாக இருக்கும். கடைசித் தவணை குழந்தை பிறந்து 24 வாரம் நிறைந்த பிறகே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க அட்டவணை என்பதால், அங்குள்ள மருத்துவர் இன்னொன்று போடச் சொன்னால் வியக்காதீர்கள்.

இவற்றைக் கோவையிலேயே தொடங்கிவிடுவது நல்லது. எம்.எம்.ஆர்., சின்னம்மை, போலியோ ஆகிய மூன்றின் முதல் ஊசிகளையும் ஒரே நாளில் வெவ்வேறு இடங்களில் போடலாம். உயிருள்ள கிருமி மருந்துகளான முதல் இரண்டையும் ஒரே நாளில் போடாவிட்டால் இடையே 28 நாட்கள் விட வேண்டும். எல்லாத் தவணையும் ஆகஸ்டுக்குள் முடியாதே என்று கலங்க வேண்டாம். முதல் தவணைகளைப் போட்டு, அடுத்ததற்கான நாள் இன்னும் வராத குழந்தையை நிபந்தனையுடன் சேர்த்துக்கொள்ள அங்கே விதி இருக்கிறது. உரிய நாளில் போடத் தவறினால்தான் பள்ளி திருப்பி அனுப்பும்.

தடுப்பூசி அட்டையில் ஒவ்வொரு மருந்தின் பெயரும் தேதியும், மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கட்டும். மாதத்தை எண்ணாக எழுத விடாதீர்கள்: நாம் 5/8 என்றால் ஆகஸ்ட் 5, அவர்களுக்கு அது மே 8. இந்தக் குழப்பத்தால் சரியாகப் போட்ட தவணையே செல்லாததாகத் தோன்றக்கூடும். காசநோய் பற்றியும் பள்ளியில் கேட்பார்கள். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்ட குழந்தைக்குத் தோலில் குத்தும் சோதனை தவறாக நோய் இருப்பதாகக் காட்டலாம். அதற்குப் பதிலாக இரத்தப் பரிசோதனை செய்யும்படி கேளுங்கள்.