நாய் விற்ற காசு

அன்புள்ள அக்கா,

தென்னாப்பிரிக்காவில் டர்பன், ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் சாத்தூர் பக்கம். வேலைக்கு வந்தவன் இங்கேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டேன். மாமனார் ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்த்தவர். அவர் காலமான பிறகு நாய்கள் என் பொறுப்புக்கு வந்தன. வருஷத்துக்கு ஒரு ஈத்து, சில வருஷம் அதுவும் கிடையாது. இங்கத்திய நாய் வளர்ப்புச் சங்கமான குசாவில் பதிவு, தடுப்பூசி, சிப் எல்லாம் முறையாகச் செய்கிறேன். வருகிற காசு தீனிக்கும் டாக்டருக்கும் சரியாகப் போய்விடும்.

போன ஈத்தில் ஏழு குட்டிகள். சாட்ஸ்வொர்த்துக்குப் போன ஒன்றுக்கு இப்போது பதினோரு மாதம். பின்னங்கால் நொண்டுகிறது. எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டு சரியில்லை என்று வந்திருக்கிறது. “கெட்டுப்போன சரக்கை என் தலையில் கட்டிவிட்டாய். பணத்தைத் திருப்பிக் கொடு, ஆபரேஷன் செலவையும் கொடு” என்கிறார் வாங்கியவர். தாய்க்கு எக்ஸ்ரே எடுத்திருக்கிறேன், நல்ல தரம். தகப்பன் டொங்காட்டில் ஒரு பெரியவருடைய நாய், ஷோவில் பரிசு வாங்கியது. மாமனாரின் சிநேகிதர் என்பதால் அவரிடம் எக்ஸ்ரே ரிப்போர்ட் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்கவில்லை.

மனைவியின் சித்தி வரும்போதெல்லாம் “நாய் விற்ற காசு” என்று ஜாடை பேசுகிறார். விலங்குக் காப்பகமான எஸ்பிசிஏ-வில் அத்தனை நாய் வீடில்லாமல் கிடக்கும்போது நீங்கள் ஏன் புதிதாகக் குட்டி போடவைக்கிறீர்கள் என்று மச்சினி கேட்கிறாள். எங்கள் ஊரில் சிப்பிப்பாறைக் குட்டியைக் காசுக்குக் கொடுக்க மாட்டார்கள், வேண்டியவர்களுக்குச் சும்மாதான் கொடுப்பார்கள். நான் செய்வது தப்பா? ஆவணிக் கடைசியில் பெட்டை பருவத்துக்கு வந்துவிடும். இந்தத் தடவை சேர்க்கலாமா, அடியோடு நிறுத்திவிடட்டுமா?

கே.

அன்புள்ள கே.,

ஏழு குட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறீர்கள். மற்ற ஆறும் எப்படி இருக்கின்றன? கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது இதுதான் மனசில் தைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எழுத்துக்கு வருமுன் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் ஒரு கால்நடை மருத்துவரின் கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் நான். நாய் வளர்க்கிறவர்களின் கோபம், அழுகை, பேரம் எல்லாம் அந்தக் கவுண்டரில்தான் வந்து விழும். மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் இடுப்பு மூட்டு என்ற பேச்சை எடுத்தாலே வளர்த்தவரும் வாங்கியவரும் எதிரெதிராக நின்றுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கும். இடுப்பு மூட்டுக் கோளாறு ஒரே ஒரு மரபணுவால் வருவதில்லை, பல சேர்ந்து வருவது. நல்ல இடுப்புள்ள தாய்க்கும் தகப்பனுக்கும் கோளாறுள்ள குட்டி பிறக்கும். மோசமான ஜோடிக்கு நல்லது பிறப்பதும் உண்டு. பெற்றவை இரண்டுக்கும் படம் எடுத்துப் பார்ப்பது வாய்ப்பைக் குறைக்குமே தவிர உத்தரவாதம் ஆகாது. மீதி, குட்டி போன வீட்டில் நடக்கிறது. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை தொடர்ந்து பார்த்தார்கள். ஒரே ஈத்தில் பிறந்தவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குப் போடுவதில் கால் பங்கைக் குறைத்து மற்றதற்குக் கொடுத்தார்கள். 2002-இல் முடிவு வந்தது. குறைத்துத் தின்றவற்றுக்கு மூட்டுத் தேய்மானம் குறைவு, வருவதும் தாமதம். நடுமட்டக் கணக்கில் அவை 13 வயது வாழ்ந்தன, மற்றவை 11.2. நம்மவர் வீட்டில் ஷெப்பர்ட் குட்டி கொழுகொழுவென்று இருந்தால்தான் நன்றாக வளர்க்கிறோம் என்று பெயர். மிஞ்சின பிரியாணி, ரொட்டி, ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வாட்டும் பிராயில் எலும்பு, போதாததற்கு வழுக்குகிற டைல்ஸ் தரை. சாட்ஸ்வொர்த்தில் அப்படித்தான் நடந்தது என்று சொல்லவில்லை. நடந்திருந்தால் பாதிக்கணக்கு அவருடையது.

அதை அவரிடம் சொல்லாதீர்கள். சொல்லும் தகுதி இரண்டு பக்கமும் எக்ஸ்ரே பார்த்தவருக்குத்தான் உண்டு, நீங்கள் ஒரு பக்கம்தான் பார்த்திருக்கிறீர்கள். ஷோ பரிசு நடையையும் முதுகுக் கோட்டையும் காதையும் பார்த்துக் கொடுப்பது. தொடையெலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று ரிங்கில் நிற்கும் நடுவருக்குத் தெரியாது. ஒரு வயது முடிந்தபின் மயக்கம் கொடுத்துப் படமெடுத்து, அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் அனுப்பி, ஏ-யிலிருந்து இ வரை தரம் போட்டு வாங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்லும் என்று கேட்டால், 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதக் கெடு தாண்டிவிட்டது, தவிர இது வியாபாரமே இல்லை என்று உங்கள் வக்கீல் வாதாடலாம். மறைந்திருந்த குறைக்கு இந்த நாட்டின் பழைய பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டத்தில் வேறு வழி உண்டு என்று அவருடைய வக்கீல் வாதாடலாம். இரண்டு பேரும் மணிக்கணக்கில் பில் போடுவார்கள். நாய் நொண்டிக்கொண்டே இருக்கும்.

என் யோசனை இது. சாட்ஸ்வொர்த்துக்கு நேரில் போங்கள். வாட்ஸப்பில் பேசாதீர்கள். நாயைத் திரும்பக் கொடுத்துவிடச் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதம் என்றால் முழுப் பணத்தையும் கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள், அது உங்கள் வீட்டு நாய். கொடுக்க மனசில்லை, பிள்ளைகள் அழுகிறார்கள் என்றால், குட்டிக்கு அவர் கொடுத்த தொகையைத் திருப்பிக் கொடுங்கள், நாய் அங்கேயே இருக்கட்டும். ஆபரேஷன் செலவை ஏற்காதீர்கள். அது உங்கள் கைக்கு அடங்காத தொகை. இப்படிப்பட்ட நாய்கள் எல்லாவற்றுக்கும் கத்தி வைப்பதும் இல்லை. எடையைக் குறைத்து, தசையை வலுப்படுத்தி, வலி மருந்தோடு நிம்மதியாக வயதாகும் நாய்களை அந்தக் கவுண்டரில் இருந்தபோது நிறையப் பார்த்திருக்கிறேன். எது தேவை என்று டாக்டர் சொல்லட்டும்.

இப்போது அந்த ஆறு. ஆறு வீட்டுக்கும் நீங்களாகவே போன் செய்ய வேண்டும். “கூடப் பிறந்த ஒன்றுக்கு இடுப்பில் கோளாறு வந்திருக்கிறது. உங்களுடையதை ஒருமுறை காட்டிவிடுங்கள், எடை கூடவிடாதீர்கள், படமெடுக்காமல் அதைக் குட்டி போட விடாதீர்கள்.” இவ்வளவுதான் பேச்சு. ஆறில் இரண்டு பேராவது பணம் கேட்பார்கள், பெயரும் கொஞ்சம் கெடும். ஃபீனிக்ஸில் பேசினால் மாலைக்குள் வெருலம் வரை போய்விடும், தெரியும். ஆனால் அந்தக் குட்டிகளில் ஒரு பெட்டையை யாரோ அடுத்த வருஷம் சேர்க்கப்போகிறார்கள். பேப்பர் இருக்கிறது, தாத்தா சாம்பியன் என்று சொல்லித்தான் சேர்ப்பார்கள். அதைத் தடுக்க முடிந்தவர் நீங்கள் ஒருவர்தான். பொழுதுபோக்குக்காக வளர்க்கிறவருக்கும் குட்டிப் பண்ணை நடத்துகிறவருக்கும் வருமானத்தில் பெரிய வித்தியாசம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பண்ணைக்காரர் இந்தப் போனைச் செய்யமாட்டார்.

ஏழாவது போன் டொங்காட் பெரியவருக்கு. கடினமானது அதுதான். மரியாதையாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள். அவர் நாயிடம் இன்னும் எத்தனை பெட்டைகளைக் கூட்டிவருகிறார்களோ.

சித்தி சொன்னதற்கு வருகிறேன். அந்தப் பழமொழியை முழுசாகச் சொன்னால் அவர் உங்கள் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறார்: நாய் விற்ற காசு குரைக்காது. விற்பது கேவலம் என்று அது சொல்லவே இல்லை. சும்மா கொடுப்பது உசத்தி என்ற எண்ணத்தை நீங்களும் ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கிறீர்கள். நம் பக்கத்தில் சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் கைமாறியது காசுக்கு அல்ல என்பது சரி, கல்யாணச் சீராகக் கொடுத்ததும் உண்டு. ஆனால் ஒரு ஈத்தில் அத்தனை குட்டியையும் யாரும் வளர்க்கவில்லை. தேறும் என்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதை, அதிலும் பெட்டைகளை, என்ன செய்தார்கள் என்று ஊர்ப் பெரியவர்களைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அந்தச் சும்மாவுக்கும் ஒரு விலை இருந்தது, குட்டிகள் கொடுத்தன.

நீங்கள் வாங்கும் ராண்டு எங்கே போகிறது என்று சித்தி ஒரு ஈத்து முழுக்கக் கூடவே இருந்து பார்த்தால் தெரியும். எந்த நாளில் சேர்ப்பது என்பதற்கு புரொஜெஸ்டரோன் ரத்தப் பரிசோதனை. 63 நாள் சினை. கடைசி வாரம் காலையும் மாலையும் வெப்பமானி வைத்து, 37 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இன்றிரவு தூக்கமில்லை என்று அர்த்தம். பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது, முதல் வாரம் பெட்டிக்குள் 30 டிகிரியாவது இருக்க வேண்டும். 2022-லும் 2023-லும் லோட்ஷெடிங் என்ற மின்வெட்டில் ஹீட் லாம்ப் அணைந்தபோது கேஸ் அடுப்பில் வெந்நீர் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றி, துண்டில் சுற்றி வைத்தவர்கள் இந்த டர்பனில் எத்தனை பேர். இரண்டு வாரத்துக்கொரு முறை பூச்சி மருந்து. பார்வோ வைரஸ் ஒருமுறை முற்றத்துக்குள் வந்துவிட்டால் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். உண்ணியால் வரும் பிலியரி காய்ச்சல் தனி: காலையில் சோர்வு, ஈறு வெளுப்பு, சாயந்திரம் ரத்தநிற மூத்திரம், அடுத்த நாள் காப்பாற்ற முடிந்தால் பாக்கியம். நம் கடற்கரையில் சாணிவண்டைத் தின்று நாய்க்கு வரும் ஸ்பைரோசெர்க்கா புழுவும் இருக்கிறது, உணவுக்குழாயில் கட்டியை உண்டாக்கிவிடும். வேறு மாகாணத்திலிருந்து நாய் வாங்கி வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்கலாம். உங்களிடம் வாங்குகிறவருக்கு நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

வெறிநோய் ஊசியை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குட்டி எட்டு வாரத்தில் உங்கள் வீட்டைவிட்டுப் போகிறது, ஊசி மூன்று மாதத்தில் வருகிறது. இரண்டாவது ஊசி ஒரு வருஷத்துக்குள், பிறகு மூன்று வருஷத்துக்கொருமுறை. சட்டப்படி கட்டாயம், ஆனால் போடவேண்டிய நேரத்தில் குட்டி உங்கள் கையில் இல்லை. மொசாம்பிக் பக்கமிருந்து வந்த நாய்வெறி இந்த மாகாணத்தில் 1976-இலிருந்து வேரூன்றி நிற்கிறது. வாங்கியவரின் தேதியை உங்கள் டைரியில் குறித்து வைத்து நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

உங்கள் மச்சினியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் கேள்வி நல்ல கேள்வி. எஸ்பிசிஏ கூண்டில் கிடப்பவை யாரோ ஒருவர் வேண்டாமென்று விட்டவை, அல்லது யாரும் நினைக்காமலே பிறந்தவை. நீங்கள் கொடுத்த நாய் எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்கும் உங்கள் வாசலுக்கே திரும்பி வரலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி, அப்படியே நடந்தால், அந்தக் கூண்டை நிரப்பியதில் உங்கள் பங்கு இல்லை என்று அவளிடம் சொல்லலாம். அதுவரை சொல்ல முடியாது. வீட்டில் எத்தனை நாய்க்கு இடமிருக்கிறதோ, ஒரு இடத்தை எப்போதும் காலியாக வையுங்கள். ஃபீனிக்ஸின் ஒட்டு வீடுகளில், சுவருக்கு அந்தப்பக்கம் அடுத்தவர் கட்டில் இருக்கும்போது, இடம் என்றால் சத்தமும் சேர்த்துத்தான் கணக்கு.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 2021 ஜூலையில் இங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு நம்மவர்கள் பலர் நாய் தேடினார்கள். பயம் நியாயமானது, நான் அதைக் கேலி செய்யவில்லை. ஆனால் போனில் முதல் கேள்வியே “கடிக்குமா?” என்றால் குட்டி இல்லை என்று சொல்லிவிடுங்கள். சங்கிலியில் கட்டி, பட்டினி போட்டு, ஆளைப் பார்த்தால் பாயப் பழக்கும் வீட்டுக்கு அது போகும். இந்த நாட்டில் ஷெப்பர்டுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நிறவெறிக் காலத்தில் போலீஸ் வேனிலிருந்து இறக்கிவிடப்பட்ட நாய்களை ஞாபகம் வைத்திருப்பவர்கள் இன்றும் உங்கள் தெரு வழியாக வேலைக்கு நடந்து போகிறார்கள். உங்கள் கேட்டுக்கு எதிர்ப்புறமாக அவர்கள் விலகி நடப்பது அதனால்தான்.

சேர்க்கலாமா என்றால், இந்தத் தடவை வேண்டாம். நாய் ஆறேழு மாதத்தில் மறுபடி பருவத்துக்கு வரும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கணக்கும் சரிப்படவில்லை. ஆவணிக் கடைசியில் சேர்த்தால் புரட்டாசி முழுக்கச் சினை. உங்கள் மாமனார் வீட்டில் புரட்டாசிக்கு வீடு கழுவி, அசைவச் சட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார்கள் என்று நினைக்கிறேன், இங்கே பெரும்பாலான தமிழ் வீடுகளில் அப்படித்தான். சினை நாய்க்குச் சத்துள்ள தீனி வேண்டும். கராஜில் தனி ஃப்ரிட்ஜ் வைத்துச் சமாளிக்கிறவர்களைத் தெரியும், பாட்டியம்மாவோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டு. பிரசவம் ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகைத் தொடக்கத்திலோ வந்து விழும், தீபாவளி வெடியும் அதை ஒட்டி வரலாம். பயந்துபோன தாய் குட்டி மேல் புரண்டு படுத்துவிடும். வெயில் ஏறும், உண்ணி ஏறும். மாமனார் எந்த மாதத்தில் சேர்ப்பார் என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், பழைய ஆட்கள் இதையெல்லாம் பார்த்துத்தான் செய்வார்கள்.

அந்த இடைவெளியில் வேறு ஆண்நாய் தேடுங்கள். இரண்டு பக்கமும் படம், தண்டுவட நலிவுக்கான மரபணுச் சோதனை, அதன் கூடப்பிறந்தவை எப்படி இருக்கின்றன என்ற விசாரிப்பு. பெட்டைக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. மாமனார் காலத்து நாய் என்றால் ஏழு வயதை எட்டியிருக்கலாம். அப்படியானால் இத்தோடு கருப்பையை எடுத்துவிட்டு, வீட்டு நாயாக இருக்கவிடுங்கள். வயதான பெட்டைக்குக் கருப்பையில் சீழ் கட்டுவது எங்கள் கிளினிக்கில் வாரம் தவறாமல் பார்த்த விஷயம்.

சாட்ஸ்வொர்த் நாயின் எக்ஸ்ரேயை மெயிலில் இணைத்திருந்தீர்கள். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. எலும்பு மருத்துவரிடம் கொடுங்கள், போன் பேசி முடித்ததும் அந்த ஆறு பேரும் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.