ரத்தப் பரிசோதனை மோசமில்லை, அப்புறம் ஏன் அறுவை சிகிச்சை?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, நீரிழிவு உண்டு. இறால் உரிக்கும்போது தலை முள் விரலில் குத்திவிட்டது. மறுநாள் கை வீங்கி, வலியில் துடித்தார். அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்து, 'மதிப்பெண் 4தான்' என்றார்கள். ஆனாலும் அன்றிரவே அறுவை சிகிச்சை. அது தேவைதானா? இப்போதும் தினமும் ரத்தம் எடுக்கிறார்களே? – உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: தேவைதான். அந்த மதிப்பெண் முறையை 2004-இல் வெளியிட்டவர்கள் நம் சிங்கப்பூர் மருத்துவர்களே. சிஆர்பி (உடலில் அழற்சி வந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்), வெள்ளையணு, ஹீமோகுளோபின், சோடியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), சர்க்கரை என்று ஆறு அளவுகள், மொத்தம் 13 மதிப்பெண். ஆறு அல்லது அதற்கு மேல் வந்தால், தோலுக்கு அடியில் திசு அழுகுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஆனால் ஆறுக்குக் கீழே வந்தவர்களிலும் அந்த நோய் இருந்ததைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

ஒரு காரணம் சிஆர்பி. அது லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தொட்டால் ஒரேயடியாக 4 மதிப்பெண். 149 என்றால் பூஜ்யம்! தொற்று தொடங்கி 6 முதல் 12 மணி நேரத்தில்தான் அது ஏறத் தொடங்கும், உச்சத்துக்குப் போக இரண்டு நாள் ஆகும். அப்பாவுக்கு முள் குத்தியது முந்தைய நாள்தானே? அவருடைய 4 அடுத்த நாள் 8 ஆகியிருக்கலாம். பார்வைக்குச் சாதாரண வீக்கம், வலி மட்டும் அளவுக்கு மீறி இருக்கிறது என்றால், நான் எண்ணை ஓரம் வைத்துவிட்டு அறுவை மருத்துவரைத்தான் கூப்பிடுவேன். கீறிப் பார்ப்பதே உறுதியான பரிசோதனை.

அப்போது எடுத்த திசுவை ஆய்வகத்தில் கிருமி வளர்ப்புக்கு அனுப்பியிருப்பார்கள். புண்ணின் மேல் பஞ்சால் தடவி எடுப்பதைவிட அதுவே நம்பகமானது. முடிவு வர ஓரிரண்டு நாள் ஆகும், சில சமயம் கூடவும் ஆகலாம். அதுவரை பல கிருமிகளுக்கும் சேர்த்து மருந்து ஏற்றுவார்கள். முடிவு வந்ததும் குறைப்பார்கள்.

தினமும் ரத்தம் எடுப்பது போக்கைப் பார்க்க. லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்) இறங்குகிறதா, சிறுநீரகம் தாக்குப்பிடிக்கிறதா என்று கவனிப்பார்கள். அறுவை சிகிச்சையாலேயே சிஆர்பி இரண்டு மூன்று நாள் ஏறும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அதன் பிறகும் இறங்காவிட்டால், மறுபடி திறந்து பார்க்க வேண்டுமா என்று யோசிப்பார்கள்.

ஒன்று கேட்கிறேன்: இறால் முள் குத்தியதை மருத்துவரிடம் சொன்னீர்களா? கடல்நீரில் வாழும் விப்ரியோ என்ற கிருமி இப்படித்தான் உள்ளே போகும். அதற்கு டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தைச் சேர்க்க வேண்டியிருக்கும். சொல்லவில்லை என்றால் இன்றே சொல்லிவிடுங்கள்.