நரம்பு டாக்டர் பதில்கள்: ஸ்கேன்ல வெள்ளைப் புள்ளின்னா பார்க்கின்சனா?

கேள்வி: டாக்டர் சார், அப்பாவுக்கு 68 வயசு. ஆறு மாசமா சும்மா உக்காந்திருக்கும்போது வலது கை மட்டும் நடுங்குது, நடையும் மெதுவாயிடுச்சு. எம்.ஆர்.ஐ எடுத்தோம், ரிப்போர்ட்ல ஒயிட் மேட்டர்ல வெள்ளைப் புள்ளிங்க இருக்கு, ஃபேசகாஸ் 2ன்னு போட்டிருக்காங்க. பார்க்கின்சன் மூளை முழுக்க பரவிடுச்சுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. ராத்திரி தூக்கமே இல்ல சார்.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடுறேம்மா, அந்த வெள்ளைப் புள்ளி பார்க்கின்சன் இல்ல, அது பரவுனதோட அடையாளமும் இல்ல. ஸ்கேன் சென்டர் வாசல்லயே நின்னு ரிப்போர்ட்டைப் பிரிச்சுப் படிச்சுட்டு, டாக்டரைப் பார்க்கிறதுக்குள்ள ரெண்டு நாள் அழுது முகம் வீங்கி வர்ற பிள்ளைங்கள நான் நிறைய பார்த்துட்டேன், அதனால கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

மூளையோட ஒரு பகுதிய இன்னொரு பகுதியோட இணைக்கிற ஒயருங்கதான் ஒயிட் மேட்டர். ஒயர் மேல மயலின்னு ஒரு கொழுப்பு உறை, அதான் அந்த வெள்ளை. இந்த ஒயருங்களுக்கு ரத்தம் கொண்டு வர்றது ரொம்ப மெல்லிசான குழாய்ங்க. பி.பி., சுகர், சிகரெட்டுன்னு வருஷக்கணக்கா அடி வாங்கினா அந்தக் குழாய் தடிச்சுப் போய், சுத்தி இருக்கிற ஒயருக்கு ரத்தம் பத்தாம போகுது, அந்த இடம்தான் படத்துல வெள்ளையா தெரியுது. கை கால் நடுக்கமே இல்லாதவங்களுக்கும் 60 தாண்டிட்டா இது சகஜம். ஃபேசகாஸ்ங்கிறது 1987-ல வந்த அளவு, 0-லேருந்து 3 வரைக்கும் போகும், 2ன்னா புள்ளிங்க ஒண்ணோட ஒண்ணு சேர ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம்.

பார்க்கின்சன்ல அடி விழுறது வேற இடத்துல. நடுமூளையில சப்ஸ்டான்ஷியா நைக்ரான்னு கருப்பா ஒரு பட்டை இருக்கு, அதுல உடம்பு அசைவைச் சீரா வைக்கிற டோபமைன்ங்கிற ரசாயனத்தைச் சுரக்கிற செல்லுங்க கொஞ்சங்கொஞ்சமா செத்துப் போகுது. சாதாரண எம்.ஆர்.ஐ-ல இது பெரும்பாலும் தெரியவே தெரியாது. அப்புறம் எதுக்கு டாக்டர் எம்.ஆர்.ஐ எழுதினார்னு கேப்பீங்க. பார்க்கின்சன் மாதிரியே இருக்கிற வேற நோய்ங்கள விலக்கத்தான். உதாரணத்துக்கு எம்.எஸ்.ஏ.ன்னு ஒண்ணு, அதுல மூளைத்தண்டுல குறுக்கா ஓடுற ஒயருங்க அழிஞ்சு படத்துல சிலுவைக் கோடு மாதிரி விழும், புனித வெள்ளிக்கு பேக்கரியில சிலுவை போட்ட பன்னு விப்பாங்களே, அந்தப் பேரையே அதுக்கு வச்சிருக்காங்க. பி.எஸ்.பி.ன்னு இன்னொண்ணு, ஆரம்பத்துலயே பின்பக்கமா விழுவாங்க, கண்ணைக் கீழ இறக்கிப் பார்க்க கஷ்டப்படுவாங்க, அதுல நடுமூளையும் சிறுமூளையிலேருந்து வர்ற ஒயர்க் கத்தையும் மெலிஞ்சிருக்கும். இந்த மாதிரி எதுவும் ரிப்போர்ட்ல எழுதலன்னா அது நல்ல சேதிதான்.

அப்ப பார்க்கின்சனை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கண்ணால பார்த்துத்தான். 1817-ல ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயப் பத்தி முதல்ல எழுதினப்ப ஸ்கேனும் கிடையாது ஒண்ணும் கிடையாது, ஆறே பேரைப் பார்த்து எழுதினார், அதுல சில பேரை லண்டன் தெருவுலதான் பார்த்தார். இன்னைக்கும் நடக்கவிட்டு, திரும்பவிட்டு, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டவிட்டுத்தான் முடிவு பண்றோம். ஒரு வேலை பண்ணுங்க. அப்பாவோட பழைய பாஸ்புக்கோ பத்திரமோ எடுத்து அஞ்சு வருஷத்துக்கு முந்தின கையெழுத்தையும் இப்ப போடுற கையெழுத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. எழுத்து போகப்போக எறும்பு மாதிரி சிறுத்துக்கிட்டே போச்சுன்னா அதை அப்படியே டாக்டர்கிட்ட கொண்டு போங்க, அப்பா நடக்கிறப்ப எந்தக் கை வீசாம ஒட்டிக்கிட்டு இருக்குன்னு போன்ல ஒரு வீடியோவும் எடுத்துக்கோங்க. ஒரே பக்கம், சும்மா இருக்கும்போது நடுக்கம்ங்கிறது பார்க்கின்சன் பக்கம்தான் கை காட்டுது, ஆனா நேர்ல பார்க்காம நான் முடிவா சொல்லக் கூடாது.

அதுக்காக புள்ளிய அலட்சியம் பண்ணிடாதீங்க. பார்க்கின்சன் இருக்கிறவங்களுக்கு இந்தப் புள்ளிங்களும் கூட சேர்ந்தா நடையும் பேலன்ஸும் இன்னும் தடுமாறும். பி.பி.யைக் கட்டுக்குள்ள வச்சா புள்ளி பெருகுறது குறையும். இங்க ஒரு விஷயம் ரொம்ப முக்கியம்மா, பார்க்கின்சன்ல நிறைய பேருக்கு எந்திரிச்சு நின்னதும் பி.பி. சடார்னு இறங்கும், அதனால நீங்களா பி.பி. மாத்திரைய கூட்டாதீங்க. படுத்திருக்கும்போது ஒரு தடவை, நின்னு 3 நிமிஷம் கழிச்சு ஒரு தடவை அளந்து எழுதிக் கொண்டு போங்க.

கேள்வி: என் அம்மாவுக்கு ஹண்டிங்டன்ங்கிற பரம்பரை மூளை நோய். எனக்கு 31 வயசு, எந்தத் தொந்தரவும் இல்ல. டி.டி.ஐ.ன்னு புது ஸ்கேன் எடுத்தா முன்னாடியே தெரிஞ்சுடும்னு படிச்சேன். எடுக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: டி.டி.ஐ. 1994-லயே வந்துடுச்சு தம்பி. வாய்க்கால்ல கரை நல்லா இருந்தா தண்ணி ஒரே பக்கமா ஓடும், கரை உடைஞ்சா நாலாபக்கமும் பரவும் இல்லையா, மூளை ஒயருக்குள்ள இருக்கிற தண்ணியும் அப்படித்தான், அது எந்தப் பக்கம் நகருதுன்னு இந்த ஸ்கேன் அளக்குது. ஒரே திசைன்னா நம்பர் 1 பக்கம், எல்லா திசையும்னா 0 பக்கம். ஹண்டிங்டன்ல உடம்பு ஆட ஆரம்பிக்கிறதுக்கு சில வருஷம் முன்னாடியே இந்த நம்பர் மாறுதுங்கிறது உண்மைதான். ஆனா அது நூத்துக்கணக்கான பேரோட சராசரிய ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னது, உங்க ஒருத்தரோட ஸ்கேனை வச்சு வரும் வராதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதைச் சொல்றது ஜீன் டெஸ்ட்தான், 4-வது குரோமோசோம்ல இருக்கிற அந்த ஜீனை 1993-ல கண்டுபிடிச்சாங்க. அதுல சி.ஏ.ஜி.ங்கிற எழுத்து 40 தடவையோ அதுக்கு மேலயோ திரும்பத் திரும்ப வந்தா நோய் வரும், 26-க்குள்ளன்னா வராது. உங்களுக்கு வர்றதுக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு. டெஸ்ட்டுக்கு முன்னாடி ஜெனடிக் கவுன்சிலர்கிட்ட உக்காந்து பேசுங்க, தெரிஞ்சுக்க வேணாம்னு முடிவெடுத்தாலும் அது உங்க உரிமை, யாரும் உங்களை அவசரப்படுத்தக் கூடாது.

கேள்வி: எங்க மாமாவுக்கு பார்க்கின்சன், தொடையில பிளேட் வச்சிருக்கு. எம்.ஆர்.ஐ எடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: எலும்புல வைக்கிற டைட்டானியம் பிளேட்டுக்கு பெரும்பாலும் பிரச்னை இல்ல, ஆபரேஷன் சம்மரிய கொண்டு போய் காட்டுங்க. பேஸ்மேக்கரோ, டி.பி.எஸ்.ன்னு பார்க்கின்சனுக்கு மூளைக்குள்ள கம்பி வச்சு மின்சாரம் குடுக்கிற கருவியோ இருந்தா அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிடணும். பார்க்கின்சன் மாத்திரைய அன்னைக்கு நிறுத்தாதீங்க, நேரத்துக்குப் போட்டுட்டே கூட்டிட்டுப் போங்க, தலை ஆடினா படம் மங்கிப் போய் மறுபடி எடுக்க வேண்டி வரும்.