எல்லாரும் பாராட்டுகிறார்கள், ஆனால் எழுத வரவில்லை

மதிப்புக்குரிய மேடம்,

வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். வயது 44. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. படிக்கிற காலத்தில் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஏதாவது கிறுக்கிக்கொண்டே இருப்பேன். கல்யாணம், பிள்ளைகள் என்று ஆன பிறகு அது விட்டுப்போனது.

2020 ஊரடங்கில் பள்ளி மூடிக் கிடந்தபோது என் தங்கை என்னை ஒரு வாட்ஸ்அப் கவிதைக் குழுவில் சேர்த்துவிட்டாள். இருநூறு பேருக்கு மேல் இருக்கிறோம். காலையில் அட்மின் ஐயா ஒரு தலைப்புக் கொடுப்பார். இரவு எட்டு மணிக்குள் பதினாறு வரிக்கு மிகாமல் எழுதிப் போட வேண்டும். அன்றைய சிறந்த கவிதைக்கு நம் போட்டோ போட்டுச் சான்றிதழ் வரும். பொங்கலுக்கும் சித்திரை ஒன்றுக்கும் பட்டங்கள் கொடுப்பார்கள். எனக்குப் போன வருஷம் 'கவிச்சுடர்' கிடைத்தது.

முதல் கவிதை போட்ட அன்று 'அருமை சகோதரி', 'சிறப்பு கவிஞரே' என்று வரிசையாக வந்தது. பள்ளியில் நான் சத்துணவு டீச்சர், வீட்டில் அம்மா. கவிஞர் என்று அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. அன்றைக்குத் தூக்கமே வரவில்லை மேடம்.

இப்போதும் தூக்கம் வருவதில்லை, ஆனால் வேறு காரணத்துக்காக. கவிதை போட்ட பிறகு அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதும் போனைத் திறந்து பார்க்கிறேன். யார் படித்தார்கள், யார் ஒன்றும் சொல்லவில்லை என்று கணக்கு எடுக்கிறேன். நான் ஒருநாள் மற்றவர்களுக்குப் பதில் போடவில்லை என்றால் மறுநாள் என் கவிதைக்கும் வராது. குழுவிலேயே சிலர் இதை 'மொய்' என்று கிண்டல் செய்வார்கள். வீட்டுக்காரர், "அந்த சர்டிபிகேட்டை ரேஷன் கடையில நீட்டினா அரிசி போடுவானா?" என்கிறார்.

போன மாதம் குழுவில் உள்ள ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். "மகளே, மழையைப் பற்றி நீங்கள் எழுதிய ஏழு கவிதைகளை எடுத்துப் படித்தேன். ஏழிலும் மழை வானத்தின் கண்ணீர்தான். உங்கள் சத்துணவுக் கூடத்தில் மழை பெய்தால் என்ன நடக்கும் என்று ஒன்றில்கூட இல்லையே" என்று எழுதியிருந்தார். என்ன நடக்கும்? பிள்ளைகள் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வகுப்பறைக்கு ஓடும், யார் முட்டை வாங்கினது, யார் வாங்கவில்லை என்று கணக்குத் தப்பும், அவ்வளவுதான். அதில் என்ன கவிதை இருக்கிறது?

ஆனால் அன்றிலிருந்து ஒரு வரி ஓடவில்லை. தலைப்பைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. இத்தனை பேர் சொன்ன நல்ல வார்த்தை போய், அவர் ஒருவர் சொன்னது மட்டும் ஏன் நிற்கிறது? இவ்வளவு நாள் எல்லாரும் பொய்தான் சொன்னார்களா? குழுவை விட்டு வெளியேறிவிடலாமா என்று யோசிக்கிறேன். இதற்கிடையில் தொகுப்பு நூல் ஒன்று போடுகிறார்கள், இரண்டு பக்கத்துக்கு 2,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

இன்னொன்று. குழுவில் கல்லூரி படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். கொஞ்ச நாளாக நடுராத்திரிக்கு மேல் கவிதை போடுகிறாள். எல்லாரும் என்னை மன்னித்துவிடுங்கள், நான் வீட்டுக்குப் பாரம், இனி என் இருக்கை காலியாக இருக்கும் என்கிற மாதிரி எழுதுகிறாள். கீழே 'வலி மிகுந்த வரிகள், தொடருங்கள்' என்று போட்டிருக்கிறார்கள். ஒருநாள் அதற்குச் சான்றிதழும் கொடுத்தார்கள். எனக்கு என்னவோ மாதிரி இருந்தது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் 'இன்னொன்று' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

அந்தப் பெண்ணிடம் இன்றைக்கே பேசுங்கள். குழுவில் வேண்டாம், தனியாக. மெசேஜில் வேண்டாம், போனில். சோகக் கவிதை எழுதுகிறவர்கள் எல்லாரும் ஆபத்தில் இருப்பதாக அர்த்தமில்லை. மனதில் கிடப்பதை எழுதித் தீர்ப்பது பலருக்கு நல்லதுதான் செய்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்து வந்தார். ஆனால் நீங்கள் கவனித்தவை வெறும் சோகம் இல்லை. எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பது, தான் ஒரு பாரம் என்று திரும்பத் திரும்பச் சொல்வது, தான் இல்லாத நாளைப் பற்றிப் பேசுவது, தூங்க வேண்டிய நேரத்தில் விழித்திருப்பது எல்லாம் சேர்ந்து வந்தால் கேட்டே ஆக வேண்டும்.

சுற்றி வளைக்க வேண்டாம். "உன் கவிதையைப் படிச்சேன்மா. வெறும் கவிதைன்னு எடுத்துக்க முடியல. சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இது பலரும் பயப்படுகிற விஷயம், அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. பெரும்பாலும் கேட்டதும் அழுவார்கள், அப்புறம் பேசுவார்கள். 'ஆமாம்' என்றால் புத்திமதி சொல்லாதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள். அவளைத் தனியாக விடாமல் இருக்கக்கூடிய ஒருவருக்கு, அம்மாவோ விடுதி வார்டனோ தோழியோ, உடனே தெரியப்படுத்துங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணை அழைக்கலாம். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். உங்களுக்கே பேசத் தயக்கமாக இருந்தால் நீங்கள் முதலில் அந்த எண்ணை அழைத்து, எப்படிப் பேசுவது என்று கேட்டுக்கொள்ளலாம். அட்மின் ஐயாவிடமும் சொல்லுங்கள்: அந்த மாதிரி கவிதைக்குச் சான்றிதழ் கொடுப்பதை நிறுத்தட்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. கவிதையைப் பற்றியும் சொல்லவில்லை. நீங்களே மொய் என்ற வார்த்தையைக் கொடுத்துவிட்டீர்கள், அதையே வைத்துக்கொள்கிறேன். மொய் மோசமான வழக்கம் இல்லை. எத்தனையோ வீட்டுக் கல்யாணமும் காதுகுத்தும் அதில்தான் நடக்கிறது. ஆனால் மொய் நோட்டைப் பார்த்து மாப்பிள்ளை பெண்ணுக்குப் பொருத்தமா என்று யாரும் முடிவு செய்வதில்லை. 'நாங்கள் வந்திருக்கிறோம், நீ தனியாக இல்லை' என்பதுதான் அதன் சேதி. உங்கள் குழு உங்களுக்குச் சொன்னதும் அதுதான். இருபது வருஷம் விட்டுப்போனதை மறுபடி பிடிக்க அது போதுமானதாக இருந்தது, இல்லையா? இலக்கியம் தெரிந்தவர்கள் இந்தக் குழுக்களை நக்கல் அடிப்பதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. 44 வயதில் ஒரு பெண்ணைத் திரும்ப எழுத வைக்க வேறு எந்த ஏற்பாடு நம் ஊரில் இருக்கிறது?

சான்றிதழ் விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம். 1973-இல் அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூவர் மழலையர் பள்ளி ஒன்றில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கலர் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க நிற முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். தந்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல், திடீரென்று சான்றிதழ் வாங்கின பிள்ளைகளுக்கு அந்தக் கெடுதல் வரவில்லை. ஆசையைக் குறைத்தது பரிசு இல்லை, பரிசை எதிர்பார்த்து வரைந்ததுதான்.

பெரியவர்களிடமும் இது நடக்கிறது. அமெரிக்க உளவியலாளர் தெரசா அமபில் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், எழுதும் பழக்கம் உள்ள 72 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினரைப் புகழ், பணம் மாதிரியான காரணங்களை மட்டும் சில நிமிடம் மனதில் ஓட்டிவிட்டு ஒரு குறுங்கவிதை எழுதச் சொன்னார். அந்தக் கவிதைகள் மற்றவர்கள் எழுதியதைவிடச் சோடையாக இருந்தன. சில நிமிடத்துக்கே இப்படி என்றால், தினமும் காலையில், இரவு எட்டு மணிக் கெடுவோடு தலைப்பு வந்து நிற்கிற உங்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மழை என்று தலைப்பு வந்ததும் கை தானாக 'வானத்தின் கண்ணீர்' என்று தட்டுவதில் ஆச்சரியமே இல்லை. அது ஒருமுறை பாராட்டு வாங்கித் தந்த வரி, மறுபடியும் வாங்கித் தரும்.

இப்போது தமிழாசிரியர். கேட்காமல் சொன்னார், அது வலிக்கத்தான் செய்யும். நல்லதைவிடக் கெட்டது மனதில் ஆழமாக இறங்கும் என்பது உங்கள் பலவீனம் இல்லை, மனித மனமே அப்படித்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் எல்லார் முன்னாலும் சொல்லவில்லை. அதோடு, ஏழு கவிதைகளைத் தேடி எடுத்துப் படித்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் அந்தக் குழுவில் வேறு யாராவது உங்களுடைய ஏழு கவிதையைச் சேர்த்து வைத்துப் படித்திருப்பார்களா?

வெண்பா எழுதுகிறவர்கள் கூடும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். எந்தச் சீருக்குப் பிறகு எந்த அசை வர வேண்டும் என்று கண்டிப்பான விதி உள்ள மரபுக்கவிதை அது. 'மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது, காய்க்குப் பிறகு நேர் வர வேண்டும், நிரை வந்திருக்கிறது' என்பார் ஒருவர். எழுதியவர் 'ஆமாம் ஐயா, திருத்திவிட்டேன்' என்று அடுத்த நிமிடம் மாற்றிப் போடுவார். கோபமே இருக்காது. பிழை சீரில் இருக்கிறது, தன்னிடம் இல்லை என்று இருவருக்கும் தெரியும். புதுக்கவிதையில் அப்படிக் கையில் பிடித்துக் காட்ட அளவுகோல் இல்லை. அதனால் வரியைக் குறை சொன்னாலும் ஆளையே குறை சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. இதற்குப் பயந்துதான் எல்லாரும் 'அருமை'யோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நீங்களே ஓர் அளவுகோலைக் கொடுத்துவிடலாம். கவிதை போடும்போது, எல்லாருக்கும் இல்லை, ஆசிரியர் மாதிரி இரண்டு மூன்று பேருக்கு மட்டும் அனுப்பி, 'எந்த வரியில் நின்றீர்கள், எந்த வரியை மேய்ந்துவிட்டுப் போனீர்கள்?' என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும். மற்றவர்களுக்கும் நீங்கள் இதையே செய்யுங்கள். தினமும் எல்லாருக்கும் கைகூப்புவதை விட்டுவிட்டு, ஒருவருடைய கவிதையை முழுசாகப் படித்து, பிடித்த வரியை எடுத்துப் போட்டு, அது உங்களுக்கு எதை ஞாபகப்படுத்தியது என்று எழுதுங்கள். மொய் குறையும். முதல் ஒரு வாரம் கை துறுதுறுக்கும், யாராவது கோபித்துக்கொள்ளவும் செய்வார்கள். கோபிக்கட்டும்.

குழுவை விட்டு வெளியேற வேண்டாம். தினத் தலைப்பை மட்டும் கொஞ்ச காலம் விட்டுவிடுங்கள். சேதி வந்த சத்தம் கேட்காதபடி குழுவை மியூட்டில் போட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒருமுறை பாருங்கள்.

எழுத வரவில்லை என்கிறீர்கள். நல்ல கவிதை எது என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணுக்குத் தெரிந்தது அந்தத் தட்டும் முட்டைக் கணக்கும்தான். 'அவ்வளவுதான், அதில் என்ன கவிதை இருக்கிறது' என்று கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். ஆசிரியர் அங்கேதான் கொஞ்சம் நிற்கச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். யார் முட்டை வாங்காமலே ஓடியது என்று உங்களுக்குப் பேரோடு தெரிந்திருக்குமே. எழுதுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம். மறுபடியும் நோட்டின் கடைசிப் பக்கமே போதும்.

வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான், கேட்ட விதம் சரியில்லை. குழம்பு கொதிக்கும்போது போன் பார்ப்பது குறைந்தால் அவர் பேச்சும் குறையும் என்று நினைக்கிறேன். குறையவில்லை என்றால் அது வேறு விஷயம், தனியாக எழுதுங்கள்.

தொகுப்பு நூலுக்குப் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: கவிதைகளைத் தேர்ந்தெடுப்பது யார், எத்தனை பிரதி அச்சாகிறது, பணம் கட்டியவர்களைத் தவிர வேறு யார் கைக்குப் போகும்? கட்டிய எல்லாருடைய கவிதையும் வரும் என்றால் அங்கே தேர்வு என்று எதுவும் இல்லை. ஞாபகத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ள ஆசை, கையில் பணமும் இருக்கிறது என்றால் கட்டுங்கள், அதில் தப்பில்லை. உங்கள் சம்பளத்தில் 2,000 பெரிய தொகை என்றால் இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் பாதிப் பணத்துக்கே நல்ல கவிதைப் புத்தகங்கள் நாலைந்து வரும். எதை வாங்குவது என்று அந்தத் தமிழாசிரியரிடம் கேட்கலாம்.